மங்கி குல்லா தாத்தாவை மரத்தில் செதுக்குவது எப்படி?

மரத்தில் மனித உருவம் செதுக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான். கட்டையின் மேல்முனையில் இரண்டு கண், ஒரு மூக்கு. மூக்கு கொஞ்சம் கோணலாக வந்தது. நேராக்கப் போனதில் மூக்கே போய்விட்டது. புது மூக்குக்காகக் கன்னத்தை உள்ளே தள்ளினேன், கன்னத்துக்காகக் காதைத் தள்ளினேன். ஒரு மாதத்தில் பெரியவர் பையனாகி, பையன் பென்சிலாகிவிட்டான்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருமுனையில் கதவு, ஜன்னல் வேலை செய்யும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். விழுப்புரம் பக்கத்துக்காரர். அந்தப் பென்சிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இன்னும் ஆளே வரல. அதுக்குள்ள மூஞ்சிக்கு என்ன அவசரம்?" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வந்த கொஞ்சநஞ்சம் எல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான். கீழே எழுதியிருப்பதும் அதே வரிசையில் இருக்கும். முதலில் ஆள், அப்புறம் முகம்.

யாரைச் செதுக்குவது?

கிருஷ்ணர் வேண்டாம். புல்லாங்குழல், பத்து விரல், மடித்த கால் என்று மாட்டிக்கொள்வீர்கள். நடன மங்கையும் வேண்டாம். கொலுப்படியில் வைக்கும் மரப்பாச்சியை எடுத்து ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கை உடம்போடு ஒட்டியிருக்கும், கால்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது. கையும் காலும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் குழந்தை விளையாடும்போது முறிந்துவிடும். செய்தவருக்கு அது தெரியும். முதல் உருவத்துக்கு நமக்கும் அந்தப் புத்திதான் தேவை.

பெங்களூரில் இதற்கு ஓர் அருமையான ஆள் கிடைக்கிறார். டிசம்பர், ஜனவரியில் காலை ஆறரை மணிக்கு அல்சூர் ஏரிப் பக்கம் போங்கள். மங்கி குல்லா, சால்வை, கணுக்கால் வரை வேட்டி, கையில் தடி என்று நம்மூர்த் தாத்தாக்கள் நடந்துகொண்டிருப்பார்கள். குல்லா முடியையும் காதையும் கழுத்தையும் மறைத்துவிடுகிறது. சால்வை இரண்டு கையையும் விழுங்கிவிடுகிறது. வேட்டி கால் இடைவெளியை அடைத்துவிடுகிறது. புதிதாக உளி பிடிப்பவரைத் திணறவைக்கும் அத்தனையும் துணிக்குள் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு நிற்கும் உடம்பு, குல்லாவின் வட்டத்துக்குள் கைக்குட்டை அளவு முகம், இரண்டு பாதம். இதைவிடச் சுலபமான மனிதர் உலகத்தில் கிடையாது.

போட்டோ எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டுப் படம்தான் முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மரம்

வெளிநாட்டு வீடியோக்களில் எல்லோரும் பாஸ்வுட் என்பார்கள், செதுக்கச் சுலபமான மெது மரம். இங்கே அதை ஆன்லைனில் வரவழைக்கலாம், ஆனால் அவசியமில்லை. பக்கத்திலேயே வெட்பாலை இருக்கிறது. கன்னடத்தில் ஆலெ மரம். வெள்ளையாக, நெருக்கமான நாரோடு, கத்திக்குச் சொன்னபடி கேட்கும். மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் வரும் சென்னபட்டணாவின் பொம்மைகள் இந்த மரத்தில் செய்தவைதான். ஆனால் செதுக்கக் கற்றுக்கொள்ள அங்கே கிளம்பிவிடாதீர்கள். அங்கே நடப்பது கடைசல். கட்டை சுழலும், உளி ஓரிடத்தில் நிற்கும். சுழலும் பொம்மை மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் நிறம் உருகி ஏறும். பார்க்க அழகான வேலைதான், ஆனால் அது வேறு கலை.

வெட்பாலை கிடைக்காவிட்டால் குமிழ். மைசூர் சாலைப் பக்கம் டிம்பர் யார்டு லேஅவுட்டில் மரக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே "சிவனி" என்று கேளுங்கள், அதுதான் குமிழ். மிச்சம் விழுந்த துண்டு போதும் என்று சொன்னால் சில கடைகளில் சிரித்துக்கொண்டே பொறுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். தேக்கு வேண்டாம். நல்ல மரம்தான், ஆனால் அதிலுள்ள சிலிக்கா உளியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். பேக்கிங் பெட்டிப் பைன் மரத்தில் ஒரு வரி மெத்து, அடுத்த வரி கெட்டி. கத்தி மெத்தில் ஓடிக் கெட்டியில் முட்டி நிற்கும்.

சேலம் மாவட்டத் தம்மம்பட்டியில் சாமி சிலைகளுக்குத் தூங்குவாகையைப் பயன்படுத்துகிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே கட்டையில் முழு விக்கிரகத்தையும் எடுப்பது அவர்கள் வழக்கம். ஊருக்குப் போகும்போது அந்தப் பட்டறைகளில் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். எத்தனை வேலை பெரிய உளியிலேயே முடிந்துவிடுகிறது என்று தெரியும்.

இன்னொரு ஆசையும் வரும். ஏப்ரல், மே மழையில் இந்த ஊரில் மரங்கள் சாயும், தெருவெல்லாம் கிளைகள் கிடக்கும். நான் ஒரு குல்மொஹர் கிளையைத் தூக்கி வந்து பால்கனி வெயிலில் வைத்தேன். பத்தே நாளில் நடுவிலிருந்து விளிம்பு வரை வாய் பிளந்தது. பச்சை மரம் உலரும்போது சுற்றுப்பக்கம் அதிகமாகச் சுருங்கும், ஆரப்பக்கம், அதாவது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, குறைவாகச் சுருங்கும். முழு உருளைக் கிளையில் அந்த இழுபறிக்கு வழியில்லாததால் வெடித்துத்தான் தீரும். கிளையின் நடுப்புள்ளி இல்லாத, அறுத்த, உலர்ந்த துண்டை வாங்குவதே மேல். உலர்ந்ததா என்று சந்தேகமா? சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைந்துகொண்டே போனால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. இரண்டு முனையிலும் ஃபெவிகால் பூசி, வெயில் படாமல் வையுங்கள். சந்தனம், செம்மரம் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், அதற்குச் சட்டம் இருக்கிறது.

வேண்டிய அளவு: 5 சென்டிமீட்டருக்கு 5, உயரம் 20. நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். கணு இல்லாத துண்டு.

கருவி

கூட்டமாகப் பன்னிரண்டு உளி இருக்கும் பெட்டியை வாங்காதீர்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கேட்டால் தனித்தனி உளியாகவே கிடைக்கும். கன்னடத்திலும் உளி உளிதான், மொழிப் பிரச்சினை இல்லை. குட்டையான, உறுதியான அலகுள்ள செதுக்குக் கத்தி ஒன்று, அரை இஞ்சுப் பட்டை உளி ஒன்று, வாய் வளைந்த உளி சின்னது ஒன்று, கொட்டாப்புளி (மரச்சுத்தி), கைரம்பம், கட்டையை மேசையோடு இறுக்க சி கிளாம்ப் இரண்டு. அவ்வளவு போதும். கட்டையைப் பிடிக்கும் கைக்கு வெட்டுப்படாத கையுறை கண்டிப்பாக வேண்டும். ஆனால் அது கத்தியின் வீச்சைத்தான் தடுக்கும், குத்தைத் தடுக்காது. அதனால் கத்தியின் முன்னால் கை இருக்கக் கூடாது என்ற விதி கையுறை போட்டாலும் மாறாது. மடியில் வைத்துச் செதுக்காதீர்கள். தொடையில் பெரிய இரத்தக்குழாய் போகிறது.

கடையில் வாங்கிய உளி கூராக இருக்காது. சாணைக்கல்லில் 20லிருந்து 25 டிகிரி சாய்வில் தேய்த்து, பழைய தோல் பெல்ட்டில் உலோகப் பாலிஷ் பூசி, கூர்முனை பின்னால் வரும்படி இழுத்துத் தீட்டுங்கள். கட்டையின் முனையில், நாருக்குக் குறுக்கே, ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். வெட்டிய இடம் மெழுகு தடவியதுபோல மின்னினால் கூர் சரி. வெளுத்து நொறுங்கியிருந்தால் இன்னும் தீட்ட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை பெல்ட்டில் பத்து இழுப்பு. மழுங்கிய கத்திக்கு அழுத்தம் அதிகம் கொடுப்போம், அழுத்தினால் வழுக்கும். என் இடது கட்டைவிரலில் இருக்கும் தழும்பு ஒரு மழுங்கிய கத்தி கொடுத்தது.

அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. கொட்டாப்புளிச் சத்தம் கீழ்வீட்டுக் கூரையில் இடியாக இறங்கும். மேசைக் கால்களுக்கு அடியில் ரப்பர் பாய் போடுங்கள். தட்டும் வேலையை ஞாயிறு பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் கத்தி வேலை பாருங்கள்.

அளவு

நம் சிற்ப சாஸ்திரத்தில் தாளம் என்றால் ஒரு முக நீளம். ஒரு தாளத்துக்கு 12 அங்குலம். ஸ்கேலில் இருக்கும் இஞ்சுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, உருவம் பெரிதானால் அங்குலமும் பெரிதாகும். உயர்ந்த தெய்வங்களுக்கு உத்தம தச தாளம், 124 அங்குலம். நவ தாளம் 108. பிள்ளையாருக்குப் பஞ்ச தாளம், அதனால்தான் அந்தக் குழந்தைத்தனம். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை ஒரு தலை என்று கொண்டால், சாதாரண மனிதர் ஏழு ஏழரைத் தலை உயரம்.

நம் தாத்தாவுக்கு 6 தலை போதும். 18 சென்டிமீட்டர் உருவத்தில் ஏழரை வைத்தால் தலை சுண்டைக்காயாகிவிடும், முகம் வெட்ட இடமிருக்காது. ஆக ஒரு தலை 3 சென்டிமீட்டர். கீழே 2 சென்டிமீட்டர் பீடம். மேலிருந்து அளந்து கட்டையைச் சுற்றி நான்கு பக்கமும் கோடு போடுங்கள்: 3இல் முகவாய், மூன்றரையில் தோள், 10இல் சால்வையின் கீழ்விளிம்பு, பதினாறரையில் வேட்டி விளிம்பு, 18இல் தரை. தோள் அகலம் சால்வையோடு சேர்த்துக் கட்டையின் முழு அகலம்.

இப்போது பக்கவாட்டுப் படம். தலை தோள்களுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். படத்தைப் பார்த்தால் தெரியும், கழுத்து முன்னோக்கிச் சாய்ந்து, தலை மார்புக்கு முன்னால் நிற்கிறது. வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். முதுகு பின்னால் வளைந்திருக்கும். எனவே பக்கவாட்டுக் கோட்டில் தாத்தாவின் மூக்கு கட்டையின் முன்விளிம்பைத் தொடட்டும், முதுகின் கூன் பின்விளிம்பைத் தொடட்டும். இன்னொன்று, தலை அகலத்தைவிட ஆழம் அதிகம். முன்னாலிருந்து 2.2 சென்டிமீட்டர் என்றால் பக்கவாட்டில் 2.6. புதியவர்கள் செய்யும் தலைகள் பின்பக்கம் சப்பையாக, தோசை மாதிரி இருப்பது இதனால்தான்.

காகிதத்தில் முன்பக்கமும் பக்கவாட்டும் வரைந்து வெட்டி, அடுத்தடுத்த இரண்டு முகங்களில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுங்கள். இரண்டிலும் முகவாய் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு முன்னால் களிமண்ணில் ஒரு தாத்தா பிடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுன் பக்கம் களிமண் கிடைக்கும்.

ஆளைக் கொண்டுவருவது

பக்கவாட்டுக் கோட்டை முதலில் வெட்டுங்கள். முகவாய்க்குக் கீழே, கூனுக்குக் கீழே, கோடு உள்ளே வளையும் இடங்களில் எல்லாம் ரம்பத்தால் குறுக்கே அறுத்து, கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள். பிறகு கட்டையைக் கிளாம்பில் இறுக்கி, பட்டை உளியை வைத்துத் தட்டினால் அந்தப் பகுதி துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். ரம்ப வெட்டு அங்கே இருப்பதால் பிளவு அதைத் தாண்டி ஓடாது. இந்த வெட்டு இல்லாமல் தட்டினால் முகவாயிலிருந்து கிளம்பும் விரிசல் பாதத்தில் போய்த்தான் நிற்கும்.

இது முடிந்ததும் முன்பக்கக் கோடு சீவலோடு போயிருக்கும். திரும்ப வரையுங்கள். அதே மாதிரி இரண்டு பக்கமும் எடுங்கள். நடுக்கோடு அழிந்த மறு நிமிடமே திரும்ப வரைவது பழக்கமாக வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அது இல்லாமல் செதுக்கினால் தாத்தா ஒரு பக்கம் சாய்வது வேலை முடியும்போதுதான் தெரியும்.

இப்போது கையில் இருப்பது சதுரமான ஒரு மனிதர், அட்டைப்பெட்டி ரோபோ. நான்கு மூலைகளையும் சரிவாகச் சீவி எட்டு முகமாக்குங்கள். எட்டு முகத்துக்குப் பிறகுதான் வட்டம். இந்தக் கட்டத்தில் தாராளமாக எடுக்க வேண்டும். எல்லோரும் பயந்துபோய் மூலையை லேசாகத் தடவிவிட்டு நிறுத்துவார்கள், தாத்தா சதுரமாகவே நிற்பார். மேலிருந்து, உச்சந்தலைப் பக்கமிருந்து பாருங்கள். சால்வை போர்த்திய உடம்பு அங்கிருந்து முட்டை வடிவமாகத் தெரிய வேண்டும்.

நார் விஷயம் இங்கே வருகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் வெட்ட வேண்டும், பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறக் கூடாது. கழுத்து ஒரு பள்ளம். குல்லாவிலிருந்து கீழே இறங்கும் வெட்டு ஒன்று, கட்டையைத் திருப்பிப் பிடித்துத் தோளிலிருந்து கழுத்தை நோக்கி இறங்கும் வெட்டு ஒன்று. இரண்டும் பள்ளத்தின் அடியில் சந்திக்கும்போது சீவல் தானாக உதிரும். அதையே ஒரே இழுப்பில் குல்லாவிலிருந்து தோள்வரை கொண்டுபோகப் பார்த்தால், பள்ளத்தைத் தாண்டியதும் கத்தி நாருக்கு நடுவே புகுந்து மரத்தைச் சிராய் சிராயாகக் கிளப்பும். "டர்" என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டால் உடனே நிறுத்தி, எதிர்த்திசையிலிருந்து வாருங்கள்.

அப்புறம் நிலை. சமபங்கம் என்றால் உடம்பு நடுக்கோட்டில் நேராக நிற்பது. மரப்பாச்சி அப்படித்தான். லேசாக ஒரு காலில் எடை போட்டு நின்றால் அபங்கம், மூன்று இடத்தில் வளைந்தால் திரிபங்கம். தாத்தாவுக்கு அபங்கத்தில் கால்வாசி போதும். தடி இருக்கும் பக்கத் தோளை 2 மில்லிமீட்டர் இறக்குங்கள், முகத்தை நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் சற்றே திருப்புங்கள். இரண்டே மாற்றம்தான், கட்டை மூச்சுவிட ஆரம்பிக்கும். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் தூண் உருவங்களைப் போய்ப் பாருங்கள். இடுப்பும் தோளும் எந்தெந்தப் பக்கம் சாய்கின்றன என்று நோட்டில் கோடாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இந்த இடத்தில் உருவத்தை ஜன்னல் ஓரத்தில் வைத்து, அறையின் மறுகோடியிலிருந்து கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முகம் இன்னும் இல்லை. ஆனாலும் குளிரில் நிற்கும் வயதானவர் என்று வீட்டில் யாராவது சொல்கிறார்களா? என் அம்மா "யாரு, மூணாவது வீட்டுக்காரரா?" என்று கேட்ட அன்றுதான் முகத்துக்குப் போகலாம் என்று தோன்றியது. தெரியவில்லை என்றால் முகத்தால் அதைக் காப்பாற்ற முடியாது, திரும்பவும் உடம்புக்குத்தான் போக வேண்டும்.

துணி

சால்வைக்கு முப்பது மடிப்பு போடாதீர்கள். துணி எங்கிருந்து தொங்குகிறதோ, எங்கே இழுபடுகிறதோ, அங்கிருந்துதான் மடிப்பு கிளம்பும். உள்ளே கை சால்வையை மார்பில் பிடித்திருக்கிறது, அங்கிருந்து விசிறிபோல மூன்று மடிப்பு. தோளிலிருந்து பின்னால் ஒன்று. வளைந்த வாய் உளியால் பள்ளம் எடுத்து, மேட்டைக் கத்தியால் மழுக்குங்கள். சால்வை விளிம்புக்குக் கீழே வேட்டி 2 மில்லிமீட்டர் உள்ளே போனால் போதும், நிழல் விழுந்து இரண்டு துணி என்று தெரிந்துவிடும்.

முகம்

குல்லாவின் வாய் வட்டத்தைப் பென்சிலால் வரைந்து, அதன் உட்பக்கத்தை ஒரு மில்லிமீட்டர் இறக்குங்கள், ஆனால் நடுவில் மூக்குக்கு ஒரு மேட்டை விட்டுவிடுங்கள். கண் மட்டம் எங்கே? தலையின் உயரத்தில் சரிபாதியில். நெற்றி நமக்குச் சின்னதாகத் தெரிவதால் எல்லோரும் கண்ணை மேலே ஏற்றிவிடுகிறோம். மூக்கின் இரண்டு பக்கமும் கண் மட்டத்தில் கத்தியால் ஆளுக்கொரு சாய்வெட்டு. கண்குழி வந்துவிட்டது. மூக்கின் அடியில் நேராக ஒரு நிறுத்த வெட்டு (சீவல் அதைத் தாண்டி ஓடாமலிருக்க), அதை நோக்கிக் கீழிருந்து ஒரு சீவல். மூக்கு நுனி நிமிரும். மூக்கின் ஓரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் வரி இரண்டு. வயது அங்கேதான் இருக்கிறது. வாய்க்கு உதடு வேண்டாம், மீசைக்கு அடியில் ஒரு கோடு. கண்மணி, இமை எதுவும் வேண்டாம். இந்த அளவில் கண்குழியின் நிழலே கண்.

மூக்கு உடைந்தால்? உடையும். நாருக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் பலவீனம்தான். துண்டு தரையில் எங்காவது கிடக்கும், தேடி எடுத்து ஃபெவிகால் வைத்து ஒரு நாள் விடுங்கள். கால் விரலுக்கும் இதே கதி என்பதால் பாதத்தைப் பீடத்தோடு ஒட்டியே விடுங்கள், பக்கத்தில் செருப்பு விளிம்பை மட்டும் கீறினால் போதும். தடியைக் கட்டையில் எடுக்க முயலாதீர்கள். சால்வை விளிம்பில் சின்னதாக ஒரு துளை, பீடத்தில் ஒரு துளை, எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சி ஒன்று.

கடைசிப் பூச்சு

உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கத்தி விட்ட தடமெல்லாம் போய், சோப்பில் செய்த மாதிரி ஆகிவிடும். எனக்கு அது பிடிக்காது. புதிதாகத் தீட்டிய கத்தியால் ஒருமுறை மெல்லிய சீவல் எடுத்துவிட்டு நிறுத்திவிடுவேன். தேய்ப்பதானால் முகமூடி போடுங்கள், மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. எண்ணெய் என்றதும் சமையலறைத் தேங்காயெண்ணெயை எடுக்காதீர்கள், அது உலரவே உலராது, தூசியை இழுத்துப் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிதாக ஒரு கை, துடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் காயவிட்டு, இன்னொரு கை. அதன்மேல் தேன்மெழுகு. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் நனைத்து, பால்கனிக் கம்பியில் விரித்துக் காயப்போடுங்கள்.

பீடத்தின் அடியில் தேதியைக் கீறிவையுங்கள். அடுத்த கட்டையும் அதே அளவில், அதே தாத்தாதான். இந்தமுறை ஒரு கையை மட்டும் சால்வைக்கு வெளியே எடுங்கள்.